டார்ச் அடிச்சா மினுக்குற காளான்: வெளிச்சம் யாரோடது, விஷத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ராத்திரி இடி இடிச்சு ஒரு நல்ல மழை கொட்டிடுச்சுன்னா மறுநாள் விடியக்காலைலயே வேலூர் பக்கத்து ஜவ்வாது மலை, அமிர்தி பக்கமெல்லாம் புத்துக்காளான் தேடி ஆளுங்க கெளம்பிடுவாங்க, அது காலகாலமா நடக்குறது. இப்ப புதுசா சேர்ந்திருக்கறது என்னன்னா அதே சீசன்ல போன்ல வந்து குவியற ரீல்ஸ். கும்மிருட்டு காடு, ஒருத்தர் கையில ஊதா டார்ச் (புறஊதாக் கதிர் விடுற யூவி டார்ச்), அடிச்ச உடனே காளான் பச்சையா மஞ்சளா தகதகன்னு எரியுது, கீழ ஃபார்வர்டு மெசேஜ் மூணு தினுசா சுத்துது:

1. காளான் ராத்திரில தானா வெளிச்சம் விடுது.
2. டார்ச்ல மினுக்குனா அது விஷக்காளான்.
3. மினுக்கலன்னா தாராளமா கொழம்பு வைக்கலாம்.

மொதல் ரெண்டும் அரைகுறையா புரிஞ்சிக்கிட்டதால வந்த தப்பு. மூணாவது ஆளைக் கொல்ற தப்பு. ஏன்னு அடியில இருந்து பாக்கலாம், கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், ஆனா எல்லாமே சமையல்கட்டுல செஞ்சு பாக்கக்கூடிய கெமிஸ்ட்ரிதான்.

மூணு வெளிச்சம், மூணு பேரு

இருட்டுல மினுக்குறதை எல்லாம் நாம ஒரே பேர்ல சொல்லிடுறோம், கொழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

1. உடனொளிர்வு, அதாவது ஃப்ளோரசன்ஸ். வெளிய இருந்து வேற ஒரு வெளிச்சம் மேல பட்டாத்தான் இது நடக்கும், பட்டதை வாங்கி வேற கலர்ல திருப்பி விடும், டார்ச்சை அணைச்சா அந்த நிமிஷமே போயிடும். வீட்டுல எரியற பழைய சோக் வெச்ச டியூப் லைட் இதே சங்கதிதான்: உள்ள இருக்கற பாதரச ஆவி விடுறது முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாத 254 நானோமீட்டர் (வெளிச்சத்தோட அலைநீளக் கணக்கு, பின்னாடி சொல்றேன்) புறஊதாக் கதிர், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசியிருக்கற வெள்ளப் பவுடர்தான் அதை வாங்கி கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா மாத்துது. (மண்டைல லேட்டா ஏறுறவனை டியூப் லைட்டுன்னு திட்டுறோமே, லேட் பண்றது சோக்கும் ஸ்டார்ட்டரும், பாவம் பவுடர் மேல ஒரு தப்பும் இல்ல.) கடைல நோட்டை ஊதா லைட்ல காட்டி செக் பண்றதும் இதான், ரூபா நோட்டுல நம்பர் அடிச்சிருக்கற இங்க் ஃப்ளோரசன்ட் இங்க்.

2. நின்றொளிர்தல். கொழந்தைங்க ரூம்ல மேல ஒட்டுற நட்சத்திர ஸ்டிக்கர். லைட்டை அணைச்சப்புறமும் கொஞ்ச நேரம் நின்னு மங்கும். காளான் விஷயத்துல இதுக்கு வேலை இல்ல, விட்டுடலாம்.

3. உயிரொளிர்வு. மின்மினிப்பூச்சி. வெளிய இருந்து எந்த வெளிச்சமும் தேவையில்ல, உடம்புக்குள்ள நடக்குற ரசாயன வினைல இருந்தே வெளிச்சம் வருது.

காளான்ல 1-ம் உண்டு 3-ம் உண்டு, ஆனா ரெண்டும் வேற வேற. எது எதுன்னு கண்டுபிடிக்க பெரிய கருவி ஒண்ணும் வேணாம், டார்ச்சை அணைச்சுட்டு போனையும் பாக்கெட்ல போட்டுட்டு ஒரு பதினஞ்சு இருவது நிமிஷம் இருட்டுல சும்மா நில்லுங்க. கண்ணு இருட்டுக்குப் பழகுனப்புறமும் காளான் லேசா பச்சையா தெரிஞ்சா அது உயிரொளிர்வு. ஒண்ணுமே தெரியலன்னா ரீல்ஸ்ல பாத்த வெளிச்சம் டார்ச்சுல இருந்து வந்து காளான்ல பட்டு கலர் மாறித் திரும்பினது, அவ்ளோதான்.

தானா எரியற ஜாதி எது

இதை சுருக்கமா முடிச்சிடறேன், ஏன்னா இது தனிக்கதை. உலகத்துல உயிரொளிர்வு உள்ள காளான் 100 இனத்துக்கு மேல தெரிஞ்சிருக்கு. நம்ம நாட்டுல மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு மாநிலங்கள் மாதிரி வருஷத்துல பல மாசம் ஈரம் காயாத காடுங்கதான் இதுக்கு எடம். மேகாலயாவுல காஞ்ச மூங்கில்ல மொளைக்கிற ரோரிடோமைசிஸ் ஃபில்லோஸ்டாக்கிடிஸ்னு ஒண்ணு 2020ல புது இனமா அறிவிச்சாங்க, அதுல தண்டு மட்டும் எரியும், குடை எரியாது. 2024ல கேரளா காசர்கோடு பக்கம் ராணிபுரம் காட்டுல ஃபிலோபொலீட்டஸ் மானிப்புலாரிஸ்னு ஒண்ணு கண்டுபிடிச்சதும் நியூஸ்ல வந்தது. அப்ப பரவுன போட்டோவையும் புறஊதா டார்ச் வீடியோவையும் ஒண்ணா கலந்துதான் இப்ப பாதி ஃபார்வர்டு ஓடிட்டிருக்கு.

உள்ள நடக்குறது இது: காஃபீக் அமிலத்துல இருந்து ஹிஸ்பிடின்னு ஒரு பொருள் உருவாகுது, அதோட ஒரு ஹைட்ராக்சி சேர்ந்தா அதுதான் எரிபொருள், அது லூசிஃபெரேஸ்ங்கற நொதியோட உதவில ஆக்சிஜனோட சேர்றப்போ 520, 530 நானோமீட்டர் பக்கம் பச்ச வெளிச்சம் வருது. இந்த ஹிஸ்பிடின்ங்கற பேரை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

ஒரு கலரை வாங்கி இன்னொரு கலரை எப்படி விடுது

வெளிச்சத்தை அலைநீளத்தால அளக்குறாங்க, நானோமீட்டர் கணக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியறது சுமாரா 400 (ஊதா) முதல் 700 (சிவப்பு) வரைக்கும். 400க்குக் கீழ புறஊதா. அதுலயும் 315 முதல் 400 வரை ஏ வகை, 280 முதல் 315 வரை பி வகை, அதுக்குக் கீழ சி வகை. அலைநீளம் சின்னதா ஆக ஆக ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் சக்தி அதிகம்.

இப்ப டார்ச்ல இருந்து 365 நானோமீட்டர் துகள் ஒண்ணு கெளம்பி காளான்ல இருக்கற ஒரு மூலக்கூறு மேல மோதுது. அதோட சக்தி 3.4 எலக்ட்ரான் வோல்ட் (இவ்ளோ சின்ன சக்தியை அளக்கற அலகு அது). மூலக்கூறுல இருக்கற எலக்ட்ரான் அதை வாங்கிட்டு மேல் படிக்கு ஏறுது, அங்க அதால நிக்க முடியாது, கொஞ்சம் சக்தியை உதறலா, சூடா விட்டுட்டு நானோ நொடிக் கணக்குல கீழ குதிக்குது. குதிக்கறப்போ மிச்சம் இருக்கற சக்தி ஒளியா வெளிய வருது. பச்சையா வந்தா அது 520 நானோமீட்டர், 2.4 எலக்ட்ரான் வோல்ட். நடுவுல காணாமப் போன 1 எலக்ட்ரான் வோல்ட்தான் சூடாப் போனது. நூறு ரூபா குடுத்து சாமான் வாங்குனா மீதி சில்லறைதான கைக்கு வரும், அதே கணக்கு. உள்ள போனதை விட வெளிய வர்றது எப்பவும் சக்தி கொறைஞ்ச, அதாவது அலைநீளம் பெருசான கலர்தான். 1852ல ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதை எழுதி வெச்சார், அவர் பாத்தது மலேரியா மருந்து குவினைன் கரைசல், அது நீலமா மினுக்கும். ஃப்ளோர்ஸ்பார்ங்கற கனிமமும் அப்படி மினுக்கறதால ஃப்ளோரசன்ஸ்னு பேர் வெச்சதும் அவர்தான்.

எல்லா மூலக்கூறும் இப்படி விடாது. பெரும்பாலானது வாங்குன சக்தி மொத்தத்தையும் சூடாவே கரைச்சிடும். ஒண்ணு விட்டு ஒண்ணு இரட்டைப் பிணைப்பு வரிசையா கோத்து, வளையம் வளையமா, அதிகம் ஆடாம அசையாம விறைப்பா இருக்கற மூலக்கூறுதான் நல்லா மினுக்கும். வீட்டுலயே பாக்கணும்னா:

1. ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் தேங்கா எண்ணெய், அதுல ஒரு சிட்டிகை மஞ்சத்தூள், கலக்கி பத்து நிமிஷம் விட்டுட்டு லைட்டை அணைச்சு புறஊதா டார்ச் அடிங்க. அடில தூள் படிஞ்சு கிடக்கும், மேல தெளிஞ்ச எண்ணெய் மட்டும் பச்சை கலந்த மஞ்சளா எரியும். மஞ்சள்ல இருக்கற குர்குமின் வேலை அது. தூளா கெட்டியா கிடக்கற எடத்துல மங்கலாவும் எண்ணெய்ல கரைஞ்சு பிரிஞ்ச எடத்துல பளிச்சுன்னும் இருக்கறதை கவனிங்க, இது பின்னாடி தேவைப்படும்.

2. நாலு எல அரைக்கீரையை நசுக்கி சானிடைசர்ல ஊற வெச்சா பச்சத் தண்ணி கெடைக்கும். அதுல டார்ச் அடிச்சா ரத்தச் சிவப்பு. பச்சையம் வாங்குறது ஊதா, விடுறது 680 பக்கத்துச் சிவப்பு. மொதல் தடவ பாக்கறவங்க நம்ப மாட்டாங்க.

ரெண்டுமே நாம தெனமும் சாப்பிடுறது. மினுக்கல்னா விஷம்ங்கற வாதம் சமையல்கட்டுலயே அடிபட்டுப் போச்சு.

காளான்ல மினுக்குற சரக்கு என்ன

காளானோட செல் சுவர்ல இருக்கற கைட்டின் லேசா வெளிறின நீலமா மினுக்கும், அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கண்ணைப் பறிக்கற மினுக்கல் எல்லாம் அந்தந்த இனம் தனக்குன்னு தயாரிக்கிற நிறமிப் பொருள்ல இருந்து வருது. நல்லா ஆராய்ஞ்சு வெச்சிருக்கறது பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கத்து குளிர்காட்டு இனங்கதான், வேலூர் வெயில்ல இதுங்களைத் தேடி அலையாதீங்க.

ஹைஃபோலோமா ஃபாசிகுலாரே. மக்கிப் போன மரக்கட்டைல கொத்துக்கொத்தா வர்ற சின்னக் காளான், பகல்ல பாத்தா கந்தகம் மாதிரி மஞ்சள், நடுவுல ஆரஞ்சு, பெருசா கவர்ச்சி ஒண்ணும் இல்ல. 365 டார்ச் அடிச்சா பச்ச மஞ்சளா பத்திக்கிட்ட மாதிரி எரியும். காரணம் ஹைஃபோலோமின்னு ஒரு பொருள். அது என்னன்னு பிரிச்சுப் பாத்தா ரெண்டு ஹிஸ்பிடின் சேர்ந்த இரட்டை! மேல உயிரொளிர்வுக்கு எரிபொருளா வந்த அதே ஹிஸ்பிடின். அதாவது தானா எரியற காளானும் டார்ச் பட்டா மினுக்குற இந்தக் காளானும் ஒரே குடும்பத்து ரசாயனத்தை வெச்சிருக்கு, ஒண்ணு அதை எரிக்கிற நொதியையும் சேத்து வெச்சிருக்கு, இன்னொண்ணு சும்மா சேத்து வெச்சிருக்கு, அவ்ளோதான் வித்தியாசம். ஜனங்க ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கறதுல ஒரு நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

கார்ட்டினேரியஸ் குடும்பம். இதுல ஒரு பிரிவுல லெப்ரோசைபின்ங்கற பொருள் இருக்கு, மஞ்சளா மினுக்கும். இன்னொரு பிரிவுல ஆந்த்ராகுயினோன் சாயங்கள், ஆரஞ்சு சிவப்பு பக்கம் போகும், கம்பளி நூலுக்கு சாயம் போட இதை வெளிநாட்டுல இன்னைக்கும் பயன்படுத்துறாங்க.

ருசுலா. இதுல டெரிடின் வகைப் பொருள் இருக்கு, நீலமா மினுக்கும். ருசுலாவுல சாப்பிடுறதும் இருக்கு, வயித்தைக் கலக்கறதும் இருக்கு.

சரி, நம்ம ஊர்ல என்ன தெரியும்

காளான்னு பாத்தா கொஞ்சம் ஏமாத்தம்தான். கடைல வாங்குற மொட்டுக் காளானை அடிச்சுப் பாத்தா வெளிறின நீலத்துக்கு மேல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா பூஞ்சைக் குடும்பத்துல இன்னொரு ஆள் இருக்கு, நாம கண்டுக்காத ஆள்: மாமரம், தென்னை மரப் பட்டைல சாம்பக் கலர்ல வட்டவட்டமா ஒட்டிக்கிட்டு இருக்குமே, ஏதோ சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி, அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துற உயிர். பிரியாணி மசாலாவுல போடுற கல்பாசி இந்த வகைதான். சமவெளில ரோட்டோர மரங்கள்ல கூட வளர்ற பிக்சினே கோகோயெஸ்னு ஒரு லைக்கன்ல லைக்கெக்சாந்தோன்னு ஒரு பொருள் இருக்கு, புறஊதா பட்டா பளிச்சுன்னு மஞ்சளா எரியும். பகல்ல பக்கத்துப் பக்கத்துல ஒரே சாம்பக் கலர்ல இருக்கற ரெண்டு வட்டத்துல ஒண்ணு மட்டும் மஞ்சளா மாறும், இன்னொண்ணு செத்த மாதிரி கிடக்கும், ரெண்டும் வேற வேற இனம்னு அப்பத்தான் தெரியும். லைக்கன் ஆராய்ச்சி பண்றவங்க இனத்தைப் பிரிக்க இதை வழக்கமான ஒரு சோதனையாவே வெச்சிருக்காங்க. ராத்திரி மரத்தடில டார்ச்சோட நிக்கறதுக்கு இது போதுமான காரணம், மேகாலயா போக வேண்டியதில்ல.

365ஆ 395ஆ: டார்ச்சும் போனும் பண்ற தில்லுமுல்லு

ஆன்லைன்ல விலை கொறைஞ்ச புறஊதா டார்ச்சு முக்கால்வாசி 395 நானோமீட்டர். இதுல ஒரு சிக்கல். எல்ஈடி சரியா 395ல மட்டும் நிக்காது, அக்கம்பக்கமும் சிந்தும், 400க்கு மேல சிந்துறது கண்ணுக்குத் தெரியற ஊதா. அந்த ஊதா வெள்ளைக் காளான் மேல பட்டு அப்படியே திரும்பி வரும், அது சும்மா பிரதிபலிப்பு, ஃப்ளோரசன்ஸே இல்ல. ரீல்ஸ்ல "ஊதாவா எரியுது பாருங்க"ன்னு காட்டுறது பாதி இந்த ரகம்.

சரிபாக்க ஒரு சுலபமான வழி: சோறு கட்டுற அலுமினியத் தாளை ஒரு துண்டு கிழிச்சு காளான் பக்கத்துல வைங்க. அலுமினியம் மினுக்காது, பட்டதைத் திருப்பி மட்டும் விடும். தாள்ல தெரியற அதே ஊதாதான் காளான்லயும் தெரியுதுன்னா அது பிரதிபலிப்பு. தாள்ல இல்லாத பச்சையோ மஞ்சளோ சிவப்போ காளான்ல தெரிஞ்சா அது நிஜம். வெள்ளப் பேப்பரை வெச்சு சோதிக்காதீங்க, பேப்பர்ல வெளுப்பு கூட்டுறதுக்கு ஒரு ரசாயனம் போட்டிருப்பாங்க, அது காளானை விட ஜோரா மினுக்கும். துணி சோப்புத்தூள்லயும் அதே வகை சரக்குதான்.

365 டார்ச்சு, அதுலயும் முன்னாடி கருப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டது வாங்குனா இந்தத் தொல்லை கொறையும். கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை மறைச்சு புறஊதாவை மட்டும் விடுற அந்தக் கண்ணாடியை 1903ல செஞ்சவர் ராபர்ட் வுட், தோல் டாக்டர் கையில இருக்கற வுட்ஸ் லேம்ப்புக்கு பேர் வந்ததும் அவரால.

அடுத்தது போன் கேமரா. நைட் மோட்ல அது பல ஃப்ரேமை சேத்து வெச்சு ஒண்ணாக்குது, கண்ணுக்கு மினுக் மினுக்னு தெரிஞ்சது போட்டோல தீப்பந்தம் மாதிரி வரும். ஒயிட் பேலன்ஸை அதுவா மாத்திக்கறதால நீலம் பச்சையாவும் பச்சை மஞ்சளாவும் நகரும். அதனால ஒரு போட்டோல இருக்கற கலரை வெச்சு இது இன்ன இனம்னு கமெண்ட்ல அடிச்சுக்கறது வீண் வேலை. கலரை நம்பகமா படிக்கணும்னா வெளிச்சத்தை நிறமாலையா பிரிக்கணும். ஜவ்வாது மலை மேலயே காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப் வெச்சு நட்சத்திர வெளிச்சத்தை அப்படிப் பிரிச்சுத்தான் அதுல என்ன தனிமம் இருக்குன்னு படிக்கிறாங்க. காளானுக்கும் முறை அதேதான், கண்ணுக்கு ஒரே பச்சையா தெரியற ரெண்டு பொருள் நிறமாலைல ரெண்டு விதமா நிக்கும்.

மினுக்குனா விஷமா, மினுக்கலன்னா நல்லதா

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்தாச்சு. டார்ச்சு சொல்றது ஒண்ணே ஒண்ணு: இந்த அலைநீளத்தை வாங்கி இன்னொண்ணை விடுற ஏதோ ஒரு பொருள் இதுல இருக்கு. அந்தப் பொருள் விஷமா, வைட்டமினா, சும்மா சாயமான்னு அது சொல்லாது. ஒவ்வொண்ணா பாருங்க.

1. அதிகமா ஆளைக் கொல்ற விஷம் டார்ச்சுல மினுக்காது. உலகத்துல காளான் சாவுல பெரும்பங்கு அமானிட்டா வகைல இருக்கற அமாடாக்சினால. அந்த விஷம் வாங்குற புறஊதா 300 சொச்சம் நானோமீட்டர் பக்கம். 365 டார்ச்சை விடிய விடிய அடிச்சாலும் அது அசையாது. வேக வெச்சாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல, பல தடவ 12 மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி பேதியே ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு நாள் சரியான மாதிரி இருக்கும், அதுக்குள்ள கல்லீரல் போயிட்டிருக்கும்.

2. மினுக்குற விஷமும் இருக்கு, ஆனா டார்ச்சுக்கு சிக்காது. கார்ட்டினேரியஸ் ஒரெல்லானஸ்ல இருக்கற ஒரெல்லானின் சிறுநீரகத்தை அழிக்கும், அதுவும் சாப்பிட்டு பல நாள், சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு. 1950கள்ல போலந்துல நூறு பேருக்கு மேல இதால பாதிக்கப்பட்டப்புறம்தான் இது விஷம்னே உலகத்துக்குத் தெரிஞ்சது. லேப்ல இதைச் சாறு எடுத்து தகட்டுல பொட்டு வெச்சு புறஊதால காட்டுனா கொஞ்ச நேரத்துல சிதைஞ்சு வேற பொருளா மாறி நீலமா மினுக்கும். சாறு எடுத்து பிரிச்சப்புறம்ங்கறதுதான் முக்கியம், மஞ்சத்தூள் கெட்டியா கிடந்தப்ப மங்கலா இருந்து எண்ணெய்ல பிரிஞ்சப்ப எரிஞ்சதை ஞாபகப்படுத்திக்கோங்க.

3. நம்ம ஊர்ல நிஜமாவே ஏமாத்தறது வேற ஆள். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். மழைக்கப்புறம் புல்தரை, விளையாட்டு மைதானம், காலேஜ் தோட்டம் எங்க பாத்தாலும் தட்டு சைஸ்ல வெள்ளையா, மேல பழுப்புச் செதில் ஒட்டிக்கிட்டு, தண்டுல வளையம் மாட்டிக்கிட்டு நிக்கும். தெரியாதவங்க இதைப் புத்துக்காளான்னு பறிச்சுட்டுப் போய் சமைச்சு, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கடுமையான வாந்தி பேதியோட ஆஸ்பத்திரி போறாங்க.

வித்தியாசம் பாக்க டார்ச்சு தேவையில்ல. புத்துக்காளான் கறையான் வளக்குற பயிரு, கறையான் புத்துக்குள்ள இருக்கற பூஞ்சைத் தோட்டத்துல இருந்து மேல வர்றது, அதனால தண்டுக்குக் கீழ வேர் மாதிரி நீளமா மண்ணுக்குள்ள போகும், பிடுங்காம தோண்டிப் பாத்தா தெரியும், குடை நடுவுல கூம்பு மாதிரி முனை இருக்கும். குடையை வெட்டி வெள்ளப் பேப்பர் மேல கவுத்து வெச்சு மேல ஒரு கிண்ணம் மூடி ராத்திரி பூரா விட்டா காலைல வித்துத் தூள் படிஞ்சிருக்கும்: புத்துக்காளானுக்கு வெளிறின இளஞ்சிவப்பு, குளோரோஃபில்லத்துக்கு பாசிப்பச்சை. பச்சை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. ஆனா பச்சை வரலங்கறதால மட்டும் நல்ல காளான்னு ஆயிடாது, அமானிட்டா தூள் வெள்ளையா இருக்கும்.

வெள்ளிக் கரண்டி கருத்தா விஷம், மஞ்சப் போட்டு நிறம் மாறுனா விஷம், பூச்சி தின்னுருந்தா நல்லது, இந்த வரிசைல புதுசா வந்து ஒட்டிக்கிட்டதுதான் ஊதா டார்ச்சு. பழசுக்கு இருக்கற மதிப்புதான் இதுக்கும். யாராவது சாப்பிட்டு உடம்பு முடியலன்னா கசாயம் வெச்சுக் குடுத்துட்டு உக்காந்திருக்காம மிச்சம் இருக்கற காளானை, சமைக்காததோ கொழம்போ, பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி போகணும், எத்தனை மணிக்கு சாப்பிட்டாங்கங்கறதை மறக்காம சொல்லணும். டாக்டருக்கு அந்த நேரக் கணக்கு பெரிய துப்பு.

இதே தப்பு தோல்லயும் கடலைலயும் நடக்குது

மினுக்கறது இல்லன்னா ஆள் இல்லன்னு நெனைக்கறது காளானோட நிக்கல. தேமலுக்கு வுட்ஸ் லேம்ப் அடிச்சா மஞ்சளா தெரியறது உண்டு, அதுக்குக் காரணம் மலசீசியாங்கற பூஞ்சை. ஆனா படர்தாமரைக்கு நம்ம நாட்டுல பெரும்பாலும் காரணமான ட்ரைக்கோஃபைட்டான் அந்த லேம்ப்ல மினுக்கவே மினுக்காது. அதனாலதான் டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாக்குறாரு.

கடலை இன்னும் நம்ம வீட்டு விஷயம், பழைய வட ஆற்காடு பூரா கடலைக்காட்டு பூமி. 1960ல இங்கிலாந்துல வான்கோழிங்க ஒரு லட்சத்துக்கு மேல செத்து விழுந்துச்சு, என்ன நோய்னு தெரியாம எக்ஸ் நோய்னு பேர் வெச்சாங்க, கடைசில பாத்தா தீவனத்துல போட்ட கடலைப் புண்ணாக்குல ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கற பூஞ்சை விட்ட விஷம். அதான் அஃப்ளாடாக்சின். அதுல பி வகை, ஜி வகைன்னு சொல்றாங்களே, ஏதோ வரிசை எழுத்துன்னு நெனைச்சுக்காதீங்க, இங்கிலீஷ்ல ப்ளூ, கிரீன், புறஊதால நீலமா மினுக்குனது பி, பச்சையா மினுக்குனது ஜி. விஷத்துக்கே மினுக்கல்ல இருந்து பேர். அப்ப டார்ச்ச அடிச்சு கடலையைப் பொறுக்கலாமேன்னு தோணும். அங்கயும் அதே பதில், அந்தப் பொட்டு தெரிஞ்சது கடலையை அரைச்சு கரைப்பான்ல சாறு எடுத்து தகட்டுல பிரிச்சப்புறம். சோளத்துல நேரா டார்ச் அடிச்சா பச்ச மஞ்சளா ஒரு மினுக்கல் வரும், அதை ஆரம்பகட்ட சலிப்புக்கு வெச்சுக்கறாங்க, ஆனா அந்த மினுக்கல் அஃப்ளாடாக்சினோடதே இல்ல, அதே பூஞ்சை விடுற கோஜிக் அமிலம் சோளத்துல இருக்கற நொதியோட சேர்ந்து உண்டாகுற வேற ஒரு பொருள். மினுக்குனதுல விஷம் இல்லாமலும் இருக்கலாம், மினுக்காததுல இருக்கவும் செய்யலாம். லாரி லோடை மேற்கொண்டு டெஸ்டுக்கு அனுப்பறதா வேணாமான்னு முடிவு பண்ண அது போதும், ஒரு கைப்பிடி கடலையைத் திங்கலாமான்னு முடிவு பண்ண போதாது.

காளானுக்கு இதால என்ன லாபம்

தானா எரியற காளான் விஷயத்துல ஓரளவு வேலை நடந்திருக்கு. பிரேசில்ல நியோனோதோபானஸ் கார்ட்னெரிங்கற காளானோட வெளிச்சம் ராத்திரிலதான் கூடுது, பூச்சி வந்து சேருதுன்னு 2015ல காட்டுனாங்க. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல வேற ஒரு காளானை வெச்சுப் பாத்தவங்க அங்க பூச்சி ஒண்ணும் அதிகமா வரலன்னாங்க. டார்ச் பட்டா மட்டும் மினுக்கறதுக்கு இந்த மாதிரி லாபக் கணக்கு போடுறது கஷ்டம், ஏன்னா காட்டுல ராத்திரி புறஊதா டார்ச்சோட யாரும் சுத்தறதில்ல, பகல்ல வெயில் வெளிச்சத்துக்கு முன்னாடி இந்த மினுக்கல் எடுபடவே எடுபடாது. என் கணிப்புல இது பக்கவிளைவு. கிருமியைத் தடுக்க, வெயில்ல இருந்து காப்பாத்திக்க, தின்ன வர்றவனை விரட்டன்னு வளையம் வளையமா மூலக்கூறு தயாரிச்சு வெச்சிருக்கு, அந்த அமைப்புக்கு மினுக்கல் இலவச இணைப்பு. மஞ்சக் கிழங்கு நம்ம டார்ச்சை நெனைச்சா குர்குமின் செஞ்சது?

இடைல வைட்டமின் டி பேச்சும் வரும். காளான்ல புறஊதா பட்டா வைட்டமின் டி2 உண்டாகறது உண்மை, ஆனா அது பி வகைக் கதிர் எர்கோஸ்டெரால்ங்கற பொருள் மேல பட்டு நடக்குறது. கைல இருக்கற 365 டார்ச்சுக்கு அந்த வேலை தெரியாது.

ராத்திரி பாக்கப் போறவங்களுக்கு

1. கண்ணு. 365 வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாததால கூசாது, இருட்டுல கண்மணி வேற விரிஞ்சு கிடக்கும், அதனால உள்ள போறதே தெரியாது. பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கோங்க, யார் முகத்துலயும் அடிக்காதீங்க, கொழந்தைங்க கையில குடுக்காதீங்க.

2. கொரோனா சமயத்துல கிருமி கொல்றதுக்குன்னு வாங்குன சி வகை விளக்கை இதுக்கு எடுக்கவே கூடாது. கொஞ்ச நேரத்துலயே தோல் வேகும், அன்னைக்கு ராத்திரி கண்ணுல மணலைக் கொட்டுன மாதிரி எரியும்.

3. காலடி. நம்ம பக்கத்துப் பாறைக்குன்றுல காளானை விட நிச்சயமா மினுக்கறது தேள். அதோட ஓட்டுல இருக்கற பொருளுங்க புறஊதா பட்டா நீலப்பச்சையா எரியும், பத்தடி தள்ளி இருந்தாலும் தெரியும். எலச்சருகுல கை வைக்கறதுக்கு முன்னாடி தரைல ஒரு சுத்து டார்ச் அடிச்சுக்கோங்க. பாம்பு அப்படி மினுக்கி சொல்லாது, அதனால சாதா டார்ச்சும் ஒண்ணு கைல இருக்கணும்.

4. எலைக்கு நடுவுல பளிச்சுன்னு நீலமா மெல்லிசா கோடு கோடா தெரிஞ்சா புது பூஞ்சை இழைன்னு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால தூக்கிப் பாருங்க. பல தடவ அது சோப்புத்தூள்ல தொவைச்ச உங்க லுங்கியோட நூலுதான்.